ஒளி சுழற்றும் நுண்பொறி

சித்திரைத் திங்களின் உச்சிப் பொழுதில் சங்கரன்கோயிற் கரிசற் காட்டில் நிற்கும் உழவன், "வெயில் அடிக்கிறது" என்பான். சுடுகிறது, காய்கிறது, கொளுத்துகிறது என்னும் சொற்களும் அவனிடம் உண்டு. எனினும் முந்தி வருவது 'அடிக்கிறது' என்னும் சொல்லே. காற்று அடிக்கிறது, மழை அடிக்கிறது, அவ்வாறே வெயிலும் அடிக்கிறது. காற்றடித்தால் கதவு சாத்திக்கொள்ளும். மழையடித்தால் கதிர் சாயும். வெயிலடித்தால் அசைவது யாது? துரும்பும் அசையக் காணோம். ஆகலின், அது வெறும் பேச்சுவழக்கு என்றே எவரும் கொள்வர்.

ஆனால், வெயில் மெய்யாகவே அடிக்கின்றது. ஒளி, தான் படும் பொருளைத் தள்ளுகின்றது. அத் தள்ளுகை ஒளியழுத்தம் எனப்படும். அதன் அளவு மிகச் சிறிது. ஏக்கர் என வழங்கும் ஒரு குறுக்க நிலத்தின்மேல் உச்சிவெயில் முழுவதும் விழுந்து மண்ணில் அடங்குமாயின், அது நிலத்தை அழுத்தும் விசை ஏறத்தாழ ஒன்றரைக் கிராம் எடைக்கு நிகராகும். பொற்கொல்லன் தராசுத் தட்டில் பத்துப் பன்னிரண்டு குன்றிமணியை இட்டாற் போன்றது அது. ஒரு குறுக்கத்து வெயிலெல்லாம் திரண்டும் ஒரு சிறாங்கைக் குன்றிமணிக்கு ஈடாகவில்லை!

இச் சிறுவிசையைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்பொறிகளைச் சுழற்றவும், உயிரோடிருக்கும் அணுக்களைப் பிடித்து நிறுத்தவும், நோயுற்ற குருதியணுவை நலமுள்ள அணுவினின்று வேறு பிரித்துக் காணவும் அறிவியலார் கற்றுக்கொண்டனர். அந்த அறிவு தமிழ் மாணவனுக்குத் தமிழில் எட்டியதா? எட்டவில்லையெனின், குறை மொழியினுடையதா, மொழியை நேசிப்போர் உழைப்பினுடையதா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பது தமிழன்பர் கடன்.

பழம்பெருமை வேறு, அறிவு வேறு

முதற்கண் ஓர் எச்சரிக்கை. 'வெயில் அடிக்கிறது' என்னும் வழக்கைக் காட்டி, பண்டைத் தமிழர் ஒளியழுத்தத்தை அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்க முற்படுவார் தோன்றக்கூடும். அது தமிழுக்குத் தொண்டன்று. சொல் இருப்பது வேறு. அச் சொல்லின் பின்னே அளந்து கண்ட அறிவு இருப்பது வேறு. உழவன் வெயிலின் வெம்மையை உணர்ந்து 'அடிக்கிறது' என்றான். அதன் தள்ளுவிசையை நிறுத்துப் பார்த்துச் சொன்னானல்லன். இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்பவன், இருக்கின்ற பெருமையையும் பிறர் ஐயுறச் செய்கின்றான்.

1902-ஆம் ஆண்டு சங்கரன்கோயிலிற் பிறந்த மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் சொற்களை வேர்வரை சென்று துருவியவர். 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்திற்கு இயக்குநராகி, 1981-இல் மறையும் வரை அவ்வுழைப்பிலேயே நின்றார். அவர் பிறந்த ஊரைப் பெருமையோடு சொல்லிக்கொள்வோர், சொல்லாராய்ச்சிக்கு அவர் கொடுத்த உழைப்பைப் பொருளாராய்ச்சிக்கும் கொடுத்தல் வேண்டும். தமிழில் சொல் அணியமாக இருக்கின்றது. அதனைப் பொருளின்மேற் பொருத்தும் கைகளே குறைவு.

அளந்து கண்டோர்

வால்வெள்ளியின் வால் கதிரவனுக்கு எதிர்ப்புறமாக நீள்வதை நோக்கிய கெப்ளர், கதிரவன் ஒளியே அதனைத் தள்ளுவதாக 1619-இல் கருதி எழுதினார். அது கருத்தளவே. 1873-இல் வெளிவந்த தம் மின்காந்தவியல் நூலில், ஒளி அழுத்தம் தரவேண்டும் என்பதையும் அவ்வழுத்தம் எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுக் காட்டினார் மாக்சுவெல்.

அக் காலத்தே குரூக்சு என்பார் ஒரு விந்தைக் கருவி செய்தார். காற்றைப் பெரும்பாலும் நீக்கிய கண்ணாடிக் குமிழினுள், ஒருபுறம் கருமையும் மறுபுறம் வெண்மையும் உடைய நான்கு சிற்றிலைகள் ஓர் ஊசிமுனையிற் சுழல நிற்கும். வெயிலில் வைத்தால் அவை விரைந்து சுழலும். ஒளியழுத்தம் கண்முன் வந்துவிட்டது எனப் பலரும் மகிழ்ந்தனர். ஆனால் சுழலும் திசை பொருந்தவில்லை. கரும்புறம் ஒளியை உட்கொள்ளும். வெண்புறம் அதனைத் திருப்பியனுப்பும். பந்தைப் பிடித்து வைத்துக்கொள்பவனைவிட, வந்த விரைவிலேயே திருப்பி அடிப்பவன் இருமடங்கு உதை வாங்குவான். எனவே ஒளியழுத்தத்தாற் பின்வாங்க வேண்டியது வெண்புறமே. குமிழினுள்ளோ கரும்புறம் பின்வாங்குகின்றது. அதனைச் சுழற்றுவது ஒளியின் தள்ளுகையன்று. சூடேறிய இலைகளின் அருகே எஞ்சியுள்ள காற்றின் செயலே. இன்றும் அக்குமிழைக் காட்டி ஒளியழுத்தம் எனக் கற்பிப்பாருண்டு. கருவியைக் கண்டால் போதாது. அது சுழலும் திசையையும் காண வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

மெய்யான ஒளியழுத்தத்தை மாசுகோவில் இலெபெதெவ் என்பாரும், அமெரிக்க நாட்டில் நிக்கல்சு, ஃகல் என்னும் இருவரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அளந்து காட்டினர். காற்றைக் குறைத்த கலத்தில் மெல்லிய இழையில் தொங்கவிட்ட சிறு தகட்டின்மீது ஒளியைப் பாய்ச்சி, இழை முறுக்கிக்கொள்ளும் அளவைக் கொண்டு அவ்விசையைக் கண்டனர். மாக்சுவெல் தாளிற் கண்டது தகட்டிலும் நின்றது.

இந்தியாவிலும் இம் முயற்சி தொடர்ந்தது. கல்கத்தாவில் மேகநாத சாகா, உடனாய்வாளர் சக்கரவர்த்தியோடு சேர்ந்து ஒளியழுத்தம் பற்றிய ஆய்வை 1918-இல் வெளியிட்டார். ஓரணு தனக்குரிய நிறத்தொளியை மட்டுமே ஏற்பதால், கதிரவனின் ஒளி எல்லா அணுக்களையும் ஒன்றுபோல் தள்ளாது; சிலவற்றை மிகுதியாகத் தள்ளும் என்பது அவர் கண்ட பெருங்கருத்து. இதனை விரித்து 1917-இல் எழுதிய நீண்ட கட்டுரையை அமெரிக்க வானியற்பியல் இதழொன்றுக்கு விடுத்தார். அச்சுச் செலவில் ஒரு பகுதியை அவரே ஏற்க வேண்டும் என்றனர் இதழார். சிறு ஊதியக்காரரான அவரால் அது முடியவில்லை. முழுக்கட்டுரை பின்னர்க் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் இதழிலே வெளிவந்து, உலகத்தார் கண்ணில் அவ்வளவாகப் படாமற் கிடந்தது. அறிவு பிறந்தால் மட்டும் போதாது. அஃது அச்சேறவும் வேண்டும், படிப்பார் கைக்குச் சேரவும் வேண்டும்.

சிறுமையே வலிமையாதல்

இத்துணைச் சிறுவிசைக்கு என்ன பயன்? இரண்டிடங்களில் ஒளியழுத்தம் ஆட்சி செய்கின்றது. ஒன்று, உராய்வற்ற விண்வெளி. இன்சாட்டு வகைச் செயற்கைக்கோள்களில் கதிரவன் ஒளியை மின்னாக்கும் பலகை ஒருபுறம் மட்டுமே இருந்தது. ஒளி அதனைத் தள்ளித் தள்ளிக் கோளையே திருப்பிவிடும். அதனை ஈடுசெய்ய மறுபுறம் நீண்ட கோலின் நுனியில் ஒரு பாய் விரிக்கப்பட்டது. 1982-இல் ஏவப்பட்ட முதல் இன்சாட்டில் அப்பாய் விரியவே இல்லை. வேறு இடர்களும் சேர, அக்கோள் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. 1992-இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் தானே கட்டிய இன்சாட்டு 2ஏ-யும் அத்தகைய பாயைத் தாங்கிச் சென்றது.

மற்றோரிடம் நுண்ணுலகம். ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பத்தில் ஒரு பங்காக்கினால், அதன் பரப்பு நூற்றில் ஒரு பங்காகும்; எடையோ ஆயிரத்தில் ஒரு பங்காகும். ஒளி தள்ளுவது பரப்பை. நிலம் இழுப்பது எடையை. எனவே பொருள் சிறுக்குந்தோறும் ஒளியின் கை ஓங்குகின்றது. மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு குறுக்களவுள்ள நெகிழி உருண்டையை எண்ணுக. ஒரு வாட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கான ஒளியை அதன்மேற் குவித்து, அவ்வொளி தரக்கூடிய விசையிற் பத்தில் ஒரு பங்கே பட்டதாகக் கொண்டாலும், அது அவ்வுருண்டையின் எடையைப்போல் ஏறத்தாழ அறுபது மடங்காகும். கரிசற் காட்டிற் குன்றிமணிக்கு ஈடாகாத வெயில், இங்கே ஆளைப் புரட்டும் புயலாகிவிடுகின்றது.

இதனைக் கணக்கிட்டு உணர்ந்தவர் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்து ஆர்தர் ஆசுக்கின். லேசர் எனப்படும் சீரொளி 1960-இல் தோன்றியிருந்தது. 1970-இல் அவர் நீரில் மிதக்கும் நுண்ணுருண்டைகளின்மேல் அவ்வொளியைப் பாய்ச்சினார். எண்ணியவாறே உருண்டைகள் முன்னோக்கித் தள்ளப்பட்டன. எண்ணாத ஒன்றும் நிகழ்ந்தது. கற்றையின் ஓரத்தில் இருந்த உருண்டைகள் அதன் நடுவுக்கு இழுக்கப்பட்டன!

இதன் காரணம் எளிது. தோணியினின்று கரைக்குத் தாவுபவன், தான் முன்னே செல்லத் தோணியைப் பின்னே தள்ளிவிடுகிறான். தெளிந்த உருண்டை ஒரு கண்ணாடி வில்லை போன்றது. தன்னுட் புகும் ஒளியை அது வளைத்தனுப்புகின்றது. ஒளி ஒருபுறம் வளைந்து சென்றால், உருண்டை மறுபுறம் உதைபடும். நடுவிலிருந்து வரும் ஒளி ஓரத்து ஒளியினும் வலிதாதலின், அதனால் வரும் உதையும் வலிது. அவ்வுதை உருண்டையை ஒளிமிகுந்த நடுப்பகுதிக்கே சேர்க்கின்றது. 1986-இல், ஒற்றைக் கற்றையை நன்கு குவித்து, அக்குவியத்திலேயே உருண்டையை அசையாமல் நிறுத்தினர் ஆசுக்கினும் அவர் குழுவினரும். அடுத்த ஆண்டிலேயே புகையிலைத் தேமல் நோயின் நச்சுயிரியும், உயிருள்ள நுண்ணுயிரிகளும் அவ்வாறே பிடிபட்டன. 2018-இல் ஆசுக்கினுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவர் அகவை 96.

காற்றாலையும் ஒளியாலையும்

பிடிக்கத் தெரிந்தபின் சுழற்றுவது அடுத்த படி. சங்கரன்கோயிலினின்று கயத்தாற்றுப் பக்கம் செல்வோர் காற்றாலைகளைக் காண்பர். அவற்றின் இலைகள் சற்றே முறுக்கப்பட்டவை. நேரே வரும் காற்று, முறுக்கிய இலையிற் பட்டுப் பக்கவாட்டில் திரும்பும்; இலை எதிர்ப்பக்கம் ஓடும். காற்றின் இடத்தில் ஒளியை வைத்துப் பார்க்க.

அங்கேரி நாட்டுச் செகெடு நகரின் ஆய்வாளர் கலாய்தாவும் ஓர்மோசும் 2001-இல் இதனைச் செய்து காட்டினர். சீரொளி குவிந்த இடத்தில் மட்டும் இறுகும் ஒருவகைப் பிசினில், மில்லிமீட்டரின் ஆயிரத்திற் சில பங்கே அளவுள்ள சுழலிகளை வடித்தனர். வடித்ததும் ஒளி, பிடித்ததும் ஒளி, சுழற்றியதும் ஒளி. அச்சுழலி பல்லுள்ள சிற்றுருளிகளைத் தள்ளிச் சுழற்றவும் செய்தது. அச்சுழலிக்கு அச்சாணியில்லை, கம்பியில்லை, மின்கலமில்லை.

இந்தியாவில் நிகழ்ந்தது இதனினும் வியப்பு. இந்தூரிலுள்ள உயர்தொழில்நுட்ப நடுவத்தின் ஆய்வாளர் (அந்நடுவம் இப்போது இராசா இராமண்ணா பெயரைத் தாங்கியுள்ளது) 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்கள் சுழலியை வடிக்கவில்லை. குருதியில் மிதக்கும் சிவப்பணுவையே சுழலியாக்கினர். உப்பு மிகுந்த கரைசலில் இட்டால் அவ்வணு நீரிழந்து குழிந்து வடிவம் கோணும். அதனை ஒளிக்குவியத்திற் பிடித்தால், கோணிய வடிவின்மேல் ஒளியழுத்தம் ஒருபடித்தாக விழாமையால், அணு தானே சுழலத் தொடங்கும். மலேரியா எனப்படும் முறைக்காய்ச்சலின் ஒட்டுயிரி புகுந்த அணுவோ அதே ஒளியிற் சுழலவில்லை. அதே நோயாளியின் குருதியில் ஒட்டுயிரி புகாத மற்றை அணுக்களும் நலமுள்ளார் அணுக்களினும் மிக மெல்லவே சுழன்றன. நோய், அணுவின் உறையை விறைக்கச் செய்வதை ஒளி காட்டிக்கொடுத்துவிட்டது.

அதே ஆண்டில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் குருதியணுக்களை ஒளியிற் பிடித்து ஆய்ந்தனர். அவர்கள் ஆய்வில் இருவகை அணுவும் கோல்போல் மடிந்தன. ஆனால் நோயுற்ற அணு சுழன்றது, நலமுள்ளது சுழலவில்லை. ஒன்றுக்கொன்று மாறாகத் தோன்றும் இவ்விரு முடிவுகளாற் குழம்பவேண்டா. சுழற்சி, அணு அவ்வேளை கொள்ளும் வடிவைப் பொறுத்தது. வடிவு, அது மிதக்கும் நீர்மத்தைப் பொறுத்தது. இரு குழுவினர் நிலைமைகளும் வேறு. நோயைக் கண்டறிய இன்றும் குருதித் தடவலை நுண்ணோக்கியிற் பார்க்கும் முறையே அடிப்படையாக உள்ளது. ஒளிச்சுழற்சி அதன் இடத்தைப் பிடித்துவிடவில்லை. எனினும், உடலின் ஓரணுவையே பொறியாக்கி ஒளியால் ஓட்டலாம் என்பது இந்நாட்டு ஆய்வகங்களில் நிலைநாட்டப்பட்டது.

பெயரிடுமுன் பொருளைக் காண்க

ஒளியாற் பிடிக்கும் இக்கருவிக்கு ஆங்கிலத்தார் 'ஆப்டிகல் டுவீசர்சு' எனப் பெயரிட்டனர். டுவீசர் என்பது பொற்கொல்லன் மணியெடுக்கும் சாமணம் போன்றது. அதனை அப்படியே மாற்றி 'ஒளியியற் சாமணம்' என்றோ 'ஒளி இடுக்கி' என்றோ எழுதலாம். சொற்கள் தமிழே, பொருள்தான் பொருந்தவில்லை. சாமணத்திற்கு இரண்டு கால் உண்டு. அது பொருளை இருபுறமும் நெரித்துப் பிடிக்கும். இங்கே காலுமில்லை, நெரித்தலுமில்லை. ஒற்றைக் கற்றை ஒளி. அதன் குவியத்தை உருண்டை தானே நாடி நிற்கின்றது. ஆங்கிலப் பெயரைப் பார்த்துப் பெயர்த்தவன், மாணவனை இல்லாத இரு காலைத் தேட வைக்கின்றான்.

தமிழில் 'பொறி' என ஓர் அருஞ்சொல் உண்டு. எலிப்பொறியிற் பிடிப்பதைக் குறிக்கும்; நீராவிப்பொறியில் இயங்குவதைக் குறிக்கும்; தீப்பொறியில் ஒளிரும் துகளைக் குறிக்கும். பிடிப்பதும், இயக்குவதும், ஒளிர்வதும் ஆகிய மூன்றும் ஒரு சொல்லில் அடங்கியிருக்க, இக்கருவியை 'ஒளிப்பொறி' என்றால் என்ன எனத் தோன்றும். காதுக்கு இனிது. ஆயினும் அறிவியலில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே வேண்டும். ஒளிப்பொறி என்றதும் பிடிப்பதா, இயங்குவதா என மாணவன் மயங்குவானாயின், அவ்வினிமை கேடாய் முடியும். ஆகலின், பிடிப்பதை 'ஒளிப்பிடி' என்றும், சுழல்வதை 'நுண்சுழலி' என்றும், இவை கூடி வேலைசெய்யும் அமைப்பை 'நுண்பொறி' என்றும் வழங்கலாம். இவற்றினும் சிறந்தவை கிடைப்பின் இவற்றை விட்டுவிடுக. ஆனால் சிறந்த சொல், கருவியை நோக்கிய கண்ணிலிருந்தே பிறக்கும்; அகரமுதலியை மட்டும் புரட்டிய விரலிலிருந்து பிறவாது.

செய்யவேண்டுவது

நுண்சுழலி செய்த அங்கேரியர் மொழியைப் பேசுவோர் ஏறத்தாழ ஒன்றேகாற் கோடியினர். தமிழரோ எட்டுக்கோடியை நெருங்குவர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, கசின்சி முதலானோர் தலைமையில், அங்கேரியர் தம் மொழிக்கு ஆயிரக்கணக்கான புதுச்சொற்களை ஆக்கினர். 1844-இல் இலத்தீனை நீக்கித் தம் மொழியை ஆட்சிமொழியாக்கினர். சொல்லாக்கியதால் மட்டும் சுழலி பிறந்துவிடவில்லை. ஆனால் சொல்லோடு அவர்கள் நின்றுவிடவுமில்லை. தம் மொழியிலேயே பள்ளியும் பல்கலைக்கழகமும் நடத்தினர். உலகோர்க்கு ஆய்வுரையை ஆங்கிலத்தில் எழுதினாலும், தம் மாணவர்க்குத் தம் மொழியிற் கற்பிக்கின்றனர்.

தமிழ்நாட்டிலோ, பள்ளியில் ஒளியும் உந்தமும் தமிழிற் கற்றுத் தேறிய மாணவன், கல்லூரி வாயிலில் தன் சொற்களையெல்லாம் இறக்கி வைத்துவிட்டுச் செல்கின்றான். தோணியும் கரையும் காட்டி விளக்கினால் அரை நாழிகையில் விளங்கும் செய்தியை, பொருள் விளங்கா ஆங்கிலத் தொடராக உருப்போடுகின்றான். அவனுக்கு அறிவு குறைவன்று. அறிவு வரும் வழி அடைபட்டுள்ளது. தமிழில் அறிவியல் இயலாது என்போர்க்கு மறுமொழி மேடைப்பேச்சன்று. ஒளியழுத்தத்தைத் தொடக்கமுதல் நுண்பொறி வரை படத்தோடும் கணக்கோடும் விளக்கும் ஒரு நல்ல தமிழ்நூலே மறுமொழி. இயற்பியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே பலகையில் அமர்ந்து அதனை எழுதல் வேண்டும். ஒருவர் பொருளைத் திருத்த, மற்றவர் சொல்லைத் திருத்தல் வேண்டும். கடைப்பலகையில் ஓர் அயற்சொல்லை மாற்றியதும் கடன் தீர்ந்தது என எண்ணும் அன்பர், அவ்வுழைப்பின் ஒரு பங்கை இந்நூற்கும் ஈதல் வேண்டும்.

ஒரு குறுக்கத்து வெயில் ஒரு சிறாங்கைக் குன்றிமணிக்கும் ஈடாகாது. பரந்து விழுந்தால் துரும்பும் அசையாது; ஓரிடத்திற் குவிந்தால் உயிரணுவும் சுழலும். ஊர்தோறும் பரந்து கிடக்கும் தமிழார்வமும் அத்தகையதே. அது குவியட்டும், நூல்கள் பிறக்கட்டும். அதன்பின் சங்கரன்கோயிற் கரிசலில் நிற்கும் சிறுவன் "வெயில் அடிக்கிறது" என்னும்போது, எவ்வளவு அடிக்கிறது என்பதையும் தமிழிலேயே சொல்வான்.